சுவரோரம் ஒரு விரற்கடை

யாரையாவது நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசினால் அவருக்குக் காதுமடல் சிவந்துவிடும். ஏச்சு வாங்குகிறவரைவிட அவர்தான் அதிகம் நெளிவார். கையிலிருக்கும் ரப்பர் சுத்தியலைக் கீழே வைப்பார். எழுந்து நிற்பார். பிறகு, அந்தத் தப்பு யாருடையதாக இருந்தாலும், எப்படியாவது அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். எங்கள் வீட்டு ஹாலில் அவர் மரத்தரை போட்ட பத்துப் பன்னிரண்டு நாட்களில் இதைப் பலமுறை பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பிடித்துப்போனது. கடைசியில் அதை வைத்துத்தான் நான் தப்பித்தேன்.

வீட்டைப் புதுக்கிக்கொண்டிருந்த சமயம் அது. குலசேகரத்தில் இருக்கும் எங்கள் வீடு மாமனார் கட்டியது. ஹாலின் சிமெண்டுத் தரை பல இடங்களில் வெடித்துப்போயிருந்தது. மழைக்காலத்தில் கால் வைக்க முடியாதபடி சில்லிட்டுக் கிடக்கும். மஸ்கட்டில் வேலை பார்த்த என் கணவர் அங்கே யாரோ ஒருவர் வீட்டில் மரத்தரையைப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். வேலையைக் கவனிப்பது என் பொறுப்பு. நான் கணக்கு டீச்சர். காலையில் வேலையாட்களுக்குச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் கணவர் வீடியோவில் வருவார். கேமராவை அங்கே திருப்பு, இங்கே திருப்பு என்று ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் செய்த பிழை எதையும் அவர் மறந்ததில்லை. கல்யாணமான புதிதில் வாசல் கேட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த பச்சை நிறத்தைப் பற்றிப் பதினேழு வருடம் கழித்தும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

வீட்டு வேலையைப் பொறுப்பேற்றிருந்த எஞ்சினியர்தான் தரை போட இவரை அனுப்பினார். கடற்கரைக்காரர், குளச்சலுக்குப் பக்கம். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை செய்துவிட்டு, மகள் பத்தாம் வகுப்புக்கு வருகிறாள், இனிப் போவதில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். ஒல்லியான ஆள். வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு பாலிதீன் பைக்குள் வைப்பார். முழங்காலுக்கு ஒரு தடித்த உறை மாட்டிக்கொள்வார். ஒரு வரிசை போட்டு முடித்ததும் கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். டீ, காப்பி எதுவும் குடிக்கமாட்டார். பதிமுகப் பட்டை போட்டுச் சிவக்கக் கொதிக்கவைத்த வெந்நீர், அவர் சொல்லில் சூடுவெள்ளம், அது மட்டும்.

அந்தத் தரைக்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சிமெண்டின்மேல் ஒரு மெல்லிய நுரை விரிப்பு. அதன்மேல் பலகைகள். ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் டக்கென்று உட்காரும். மொத்தத் தரையும் ஒரே பாய்போல, எதிலும் ஒட்டாமல் கிடக்கும். பலகைப் பெட்டிகள் வந்து மூன்று நாள் அவர் அவற்றைத் தொடவேயில்லை. ஹாலிலேயே அடுக்கிவைத்து, மரம் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலை தொடங்கிய அன்றே என் மாமியார் குளித்துவிட்டு ஈரக்காலோடு, விரித்துவைத்திருந்த புதுப் பலகைகள்மேல் நடந்து சாமி அறைக்குப் போனார். நான் குரலை உயர்த்திவிட்டேன். பலகை போட்டுக்கொண்டிருந்தவர் உடனே எழுந்து, துணி விரிக்காதது தன்னுடைய பிழை என்றார். துணி விரித்துத்தான் இருந்தது. மாமியார் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு நடந்திருந்தார்.

உதவிக்கு அவருடைய மச்சினர் வந்தார். மனைவியின் அண்ணன், இவரைவிட வயதில் மூத்தவர். ஒருநாள் வாசல் பக்கத்துக்கான நீளப் பலகையை அளவு மாற்றி அறுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் வந்தார். யார் அறுத்தது என்று கேட்டார். அறுப்பு மெஷின் மச்சினர் கையில் இருந்தது, மரத்தூள் மச்சினர் தலையில் இருந்தது. இவர் நடுவே வந்து, அளவு சொன்னது தான்தான் என்றார். எஞ்சினியர் அவரை ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனார். போனபிறகும் மச்சினரிடம் இவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அறுபட்ட துண்டை வேறொரு மூலையில் பொருந்துமா என்று அளந்துகொண்டிருந்தார்.

என்னிடம்கூட ஒருமுறை அவர் வாய் திறந்தார். சாயங்காலம் முன்வராந்தாவில் டியூஷன் நடக்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பரீட்சையில் மிக மோசமாக எழுதியிருந்தாள். அவள் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, அவள் போட்டிருந்த கணக்கை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஹாலுக்குள் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் போனபிறகு, கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"டீச்சரே, ஒண்ணும் நெனைக்காதுங்க. மார்க்கு கொறஞ்ச பிள்ளையத் தனியா விளிச்சிச் சொல்லப்படாதா?"

எனக்குச் சுருக்கென்றது. தரை போட வந்தவர் தரையைப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே பேச்சை மாற்றுவதுபோலத் தன் கதையைச் சொன்னார். கடற்கரையில் பிறந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பதினான்கு வயதில் அப்பாவின் வள்ளத்தில் முதல்முறை போனபோது கரை மறைவதற்குள் வாந்தியெடுத்து மயங்கிவிட்டார். இவருக்காக வள்ளத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. மீன் இல்லாமல் கரையேறியதும், அப்பா அத்தனை பேருக்கும் கேட்கும்படி, இது எனக்குப் பிறந்ததுதானா என்று கேட்டார். கரையே சிரித்தது. கூட வந்த சித்தப்பா மட்டும், காலையில் பையனுக்குப் பழைய மீனைச் சுட்டுக்கொடுத்தது நான், வாந்தி அதனால்தான் என்றாராம்.

"அவிய எனக்கு மீனே தரல்ல டீச்சரே" என்று சொல்லிச் சிரித்தார்.

வேலை முடிந்த அன்று ஹால் அவ்வளவு அழகாக இருந்தது. தேன் நிறம். ஒரே ஒரு குறை. சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே எல்லாப் பக்கமும் பலகை நின்றிருந்தது. அந்த இடைவெளியை மறைக்கச் சுவரோரமாக அடிக்கவேண்டிய மரப்பட்டி அதே நிறத்தில் கிடைக்காமல், கொச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஆகும் என்றார். அதுவரை அப்படியே கிடக்கட்டும் என்றார். நான் சந்தேகமாகப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து, இடைவெளிக்குள் விரலை வைத்துக் காட்டினார். மழை தொடங்கினால் மரம் விரியும், விரிவதற்கு நாலு பக்கமும் இந்த இடம் வேண்டும், பட்டி அடித்தாலும் உள்ளே இது காலியாகத்தான் இருக்கவேண்டும், எறும்பு வருகிறதென்று மண்ணோ சிமெண்டோ போட்டு அடைக்கக் கூடாது. கணக்கு டீச்சருக்குப் புரியாத விஷயம் ஒன்றுமில்லை. நன்றாகப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வீடு பார்க்க வந்தார். ஹாலைச் சுற்றி நடந்தார். காலால் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டி, அளவு தெரியாதவனைக் கொண்டு பலகை வெட்டியிருக்கிறாய் என்றார். விளக்கினேன். சிரித்தார். தம்பியிடம் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் வேறு வருவதாக இருந்தார்கள். அவர்களும் இப்படிக் காலால் தொட்டுப் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, வெள்ளைச் சிமெண்ட் குழைத்து அந்த இடைவெளியை அடைத்துவிடச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"பலகைக்காரருகிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?"

"நான் சொல்லுகேன்லா" என்றேன்.

ஒரு மத்தியானத்தில் நாலு பக்கமும் அடைத்தாயிற்று. பார்க்கச் சுத்தமாக இருந்தது. பட்டி வந்துவிட்டது, எப்போது வரட்டும் என்று அவர் போன் செய்தபோது, உங்களுக்கு எதற்கு அலைச்சல், இங்கேயே ஆசாரி இருக்கிறார், பட்டியைக் கொடுத்துவிட்டால் அவர் அடித்துவிடுவார் என்று சொன்னேன். பலகைக்காரர் சிமெண்டைப் பார்த்துவிடக் கூடாது என்று அப்போதே நினைத்துத்தான் சொன்னேன்.

ஆனியில் கணவர் லீவில் வந்தார். அவர் வந்த வாரம் மழை பிடித்தது. பேச்சிப்பாறை அணை நிறைந்து, திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். துணி உலரவில்லை, சுவரெல்லாம் வியர்த்தது. நான்காம் நாள் காலை ஹாலின் நடுவில் நடந்தபோது காலடியில் தரை அமுங்கி எழுந்தது. இரண்டு நாளில் அந்த இடம் முதுகுபோல மேலே வந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு பலகைகள் கூடுகிற இடத்தில் பிளந்து, ஓரம் கூர்மையாக நின்றது. மாமியார் அதில் கால் தட்டி விழப்போனார். கணவர் என்னிடம், ஏதாவது தண்ணீர் ஊற்றினாயா, ஈரத்துணியால் துடைத்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. உடனே பலகைக்காரரை வரச்சொல்லிப் போன் செய்தார்.

மழையில் நனைந்துகொண்டு வந்தார். ஹாலில் கணவர், மாமியார், நாத்தனார், நான் எல்லோரும் நின்றோம். மேடான இடத்தை ஒருமுறை பார்த்தார். உடனே அங்கிருந்து சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, ஒரு தட்டைக் கம்பியால் பட்டியின் ஆணியை நெம்பினார். கணவர் எங்களுக்கும் அவருக்கும் நடுவே, மேட்டின் பக்கத்தில், எங்களைப் பார்த்தபடி நின்று பேசிக்கொண்டே இருந்தார். பட்டி இரண்டு விரல் அகலம் விலகியது. உள்ளே வெள்ளையாக இருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் உள்ளங்கையால் பட்டியை அழுத்தி, இருந்த இடத்திலேயே உட்காரவைத்தார். எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"எனக்க பெழையாக்கும் சார். சொவருக்க ஓரத்தில எடம் விட்டது காணாது, கொறஞ்சு போச்சு. நான் வந்து சரியாக்கித் தாரேன்."

கணவர் அதற்குப் பிறகு கால்மணி நேரம் பேசினார். வெளிநாட்டில் வேலை செய்தேன் என்று ஏமாற்றினாயா என்று கேட்டார். என் மாமியார், கடப்புறத்துக்காரனுக்குத் மரத்தப் பற்றி என்ன தெரியும், வீட்டுக்குள் ஏற்றியதே தப்பு என்றார். அவர் ஈரச்சட்டையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஒருமுறைகூடத் திரும்ப என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

மூன்று நாள் வந்து வேலை செய்தார், தனியாக. கணவர் வெளியே போகிற நேரம் பார்த்துப் பட்டியைக் கழற்றி, சிற்றுளியால் சிமெண்டைச் சுரண்டியெடுத்தார். சுரண்டியதை எங்கள் வீட்டுக் குப்பையில் போடவில்லை. பத்திரிகைத் தாளில் பொதிந்து தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். முதல் நாள் நான் சூடுவெள்ளம் கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் முன்னால் சிமெண்ட் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. எதுவும் தெரியாததுபோல நிற்க முடியவில்லை.

"கொத்தனாரு கேக்காம செஞ்சிட்டாருபோல அண்ணே" என்றேன்.

உளியை நிறுத்திவிட்டு யோசிப்பதுபோல இருந்தார்.

"ஆங். இருக்கும். அவருகிட்ட ஒண்ணும் கேக்காதுங்க டீச்சரே. பாவம்."

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் தம்ளரை எடுத்துக் குடித்தார். நான் உள்ளே போனேன். தரை மூன்றாம் நாள் பழையபடி படுத்துக்கொண்டது. பிளந்த இரண்டு பலகைகளையும் மாற்றினார். கன்னத்தை ஒட்டிப் படுத்துப் பார்த்தார். மூன்று நாள் வேலைக்கு அவர் கூலி கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் கணவர் ஒரு காரியம் செய்திருந்தார். மேடாக எழுந்த தரையைப் படம் பிடித்து, இந்தப் பகுதியில் வீடு கட்டுகிறவர்களும் எஞ்சினியர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கூடவே பேசிப் பதிவு செய்த ஒரு செய்தியும். இன்னாரை நம்பி வேலை கொடுக்காதீர்கள், பிழை தன்னுடையது என்று அவரே என் வீட்டில் நின்று ஒத்துக்கொண்டார் என்று. தரை சரியான பிறகு அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை. சில மாதம் கழித்து எஞ்சினியரைக் கடைவீதியில் பார்த்தேன். திற்பரப்புப் பக்கம் ஒரு பெரிய விடுதியில் பதினெட்டு அறைக்கு மரத்தரை போடுகிற வேலை, இவருக்குத்தான் பேசி வைத்திருந்தோம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதலாளி கேரளத்து ஆட்களிடம் கொடுத்துவிட்டார் என்றார். அய்யோ பாவம் என்றேன்.

ஒரு வருடம் கழித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். போகவேண்டும் என்று தோன்றிய நாட்களையெல்லாம் தள்ளிப்போட்டு, தள்ள முடியாமல் போனேன். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. அவர் மனைவி மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பெயரையும் ஊரையும் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கொலசேரத்து டீச்சரா? வாருங்க, உள்ள வாருங்க. அவிய உங்கள எப்பளும் சொல்லுவாவ. நல்ல மனசுள்ளவிய, கேக்காண்டாம், அதுக்குள்ள சூடுவெள்ளம் கொண்டு தருவாவன்னு."

அவர் இல்லை. ஊரில் வேலை சரியாக அமையவில்லை, இரண்டு மாதம் சும்மா இருந்து பார்த்தார், பிறகு பழைய கம்பெனிக்கே எழுதிப்போட்டு வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார் என்று மனைவி சொன்னார். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போது அப்பா பக்கத்தில் இல்லை. ஏன் வேலை அமையவில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. காலம் சரியில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறார். மச்சினர்கூட அதே தெருவில்தான் இருக்கிறார், அவருக்கும் தெரியாது. மகள் உள்ளேயிருந்து வந்து எனக்கு நாற்காலி போட்டாள். அவள் முன்னாலும் அந்த அம்மாவின் முன்னாலும் என் வாய் வேறொன்றைச் சொன்னது. மாடியறைக்கும் இதே தரை போடலாம் என்று நினைக்கிறோம், அதற்காகத்தான் வந்தேன் என்றேன். அந்த அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம். அவருடைய வளைகுடா நம்பரை மகளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எனக்கு வறுத்த நெத்திலி பொதிந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவே கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிமெண்ட் அடைக்கச் சொன்னது நான்தான் என்றேன். அந்தப் பச்சைக் கேட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"அதுக்கு இப்ப என்னட்டி? அவன்தான நம்ம முன்ன வச்சு எனக்க பெழைன்னு சொன்னான்."

குழுவில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு முந்தைய விஷயத்தை இப்போது யார் கேட்டார்கள், வேலைபார்க்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காதுக்குப் போனால் உனக்குத்தான் நாணக்கேடு என்றார். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த மனிதருக்குத்தானா என்று தோன்றியது. அதைவிட, அவர் சொன்னதைக் கேட்டு எனக்குள் ஏதோ பாரம் இறங்கியதுதான் பெரிய வெட்கம்.

இருந்தும் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அவர்களுக்கு விடுமுறை என்பதால், ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அழைத்தேன். உடனே எடுத்தார். குரலைக் கேட்டதும், டீச்சரே சுகமா, அம்மா சுகமா என்று கேட்டார். பின்னால் ஆட்கள் பேசிக்கொள்ளும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"அண்ணே, அந்தத் தரை விஷயமா ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணைக்கு நான்…"

"டீச்சரே, நில்லுங்க, நில்லுங்க" என்றார் அவசரமாக. "போனு ஸ்பீக்கர்ல கெடக்கு. ரூம்ல அஞ்சாறு பேரு இருக்காவ. நான் வெளிய எறங்கி விளிக்கேன்."

வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் மதிய மணி அடித்து, டீச்சர்மார் உள்ளே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து சோற்றுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். போன் என் கையில் அடித்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனால் போதும், பத்து அடி தூரம். யார் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். தெரியாத நம்பர் என்று சொல்லி, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அடித்து நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இன்னொருமுறை அடித்தது. அந்த ஊரில் அப்போது நல்ல வெயில் ஏறியிருக்கும். அறைக்கு வெளியே, யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்.